கால்மாட்டில் நின்றவர்

பேய் வர இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், காற்றில் கதவு அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில், பினாயில் வாசனைக்கு நடுவில், சுற்றிலும் படித்தவர்கள் நிற்கும்போது நடந்தது.

நடந்தது ஒரு பஸ் டிரைவருக்கு. கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். குறுக்கே பூனை போனால்கூட வண்டியை நிறுத்திவிடுவார் என்பதால் டிப்போவில் அவருக்கு ‘பிரேக்’ என்று பட்டப்பெயர். அந்தக் கிண்டலுக்குக்கூட இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மாதிரி பேசுவார். அப்படிப்பட்டவர் சொன்னது இது. இதில் கூட்டியது எதுவும் இல்லை.

ஆரம்பித்தது நெஞ்சில். மேம்பாலம் ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை ஊன்றுவது போல ஓர் அழுத்தம். வாயு என்று விட்டுவிட்டார். இரண்டாம் தடவை வந்தபோது தாடை வரைக்கும் இழுத்தது. அன்று வண்டியில் எள் போட்டால் எண்ணெய் ஆகிற கூட்டம். இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டால்... என்று நினைத்த மாத்திரத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. ஷிஃப்ட் முடிந்ததும் நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மேலாளர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியும் மகளும். மகளுக்கு ஏழாம் மாதம். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறவன். பிரசவத்துக்கு வந்து சேருவானா என்பதே சந்தேகம். இந்த நேரத்தில் தனக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்த வீடு என்ன ஆகும் என்பதுதான் டிரைவருக்கு நெஞ்சு வலியைவிடப் பெரிய வலி.

இதயம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க எல்லோரையும் டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். இவரால் ஓட முடியாது. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அதனால் டாக்டர் வேறு வழி சொன்னார். ஒரு ஊசி போடுவார்கள். படுத்த இடத்திலேயே, ஓடினால் எப்படியோ அப்படி இதயத்துக்குள் ரத்தம் பாயும். கூடவே கதிர்வீச்சு மருந்தும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அது இதயத்தில் போய்ப் படிந்ததும் கேமராவில் படம் எடுப்பார்கள்.

நிபந்தனை இரண்டு. முதல் நாளிலிருந்து காபி, டீ வாசனையே கூடாது. ஒரு நாளைக்கு ஆறேழு காபி குடிக்கிற மனிதர் என்பதால் மனைவி காபித் தூள் டப்பாவையே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். இரண்டாவது, பரிசோதனை முடிந்து ஒரு நாள் முழுக்கக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் போகக்கூடாது. மகளுக்காக மாடி அறையில் தங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற அறையில் ஒரு கட்டில், ஒரு மானிட்டர். தலைமாட்டில் டாக்டர். இடது கைப் பக்கம் நர்ஸ். மார்பில் முடியை மழித்து ஒயர்களை ஒட்டினார்கள். ஏசிக் குளிரில் உடம்பு சிலிர்த்தது. நர்ஸ் நிதானமாகச் சொன்னார்.

“மருந்து உள்ள போறப்போ உடம்பு சூடாகும். மூச்சு முட்டும். தலை கனக்கும். கொஞ்ச நேரத்துல அதுவா எறங்கிடும். பயந்துக்காதீங்க.”

ஊசி ஏறியது.

முதலில் காது மடல் சுட்டது. பிறகு முகம். பிறகு வயிற்றுக்குள் வெந்நீரை ஊற்றியது போல ஒரு சூடு. நெஞ்சின் மேல் அந்தப் பழைய முழங்கை வந்து ஊன்றியது. இந்தத் தடவை ஒரு ஆளே ஏறி உட்கார்ந்தது போல. மூச்சை இழுத்தார். பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தார். அதுவும் வரவில்லை. மானிட்டர் பீப்... பீப்... என்று ஓடத் தொடங்கியது.

அப்போது யாரோ அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்தார்கள்.

குளிர்ந்த கைகள். அழுத்தமான பிடி.

“இழுங்க... விடுங்க... இழுங்க... விடுங்க...”

கால்மாட்டிலிருந்து ஓர் ஆண் குரல். அவசரமே இல்லாத குரல். டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் குரல் சொன்னபடியே செய்தார். இழுத்தார். விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சின் மேலிருந்த பாரம் இறங்கியது. மூச்சு வழிக்கு வந்தது. நன்றி சொல்லலாம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கால்மாட்டில் யாரும் இல்லை. மடித்த போர்வை மட்டும் கிடந்தது.

வார்டு பையன் யாராவது இருந்திருப்பான், வேலை முடிந்து போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான். அது தலைமாட்டுப் பக்கம் இருந்தது. வெளியே போவதென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டிப் போகிற காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

காலைப் பிடித்தவர் எங்கே என்று நர்ஸிடம் கேட்டார். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான், மருந்து ஏறும்போது சிலருக்கு இப்படித் தோன்றும் என்றார் நர்ஸ். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருந்து படிகிறவரை காத்திருக்கத் தனி அறை இருந்தது. ஊசி போட்டவர்கள் மற்றவர்களோடு உட்காரக்கூடாது அல்லவா. கனமான கதவு. திறந்தால் க்ர்ர்ர்... என்று இழுக்கும், மூடினால் தொப் என்று விழும். உள்ளே ஜன்னல் இல்லை. நான்கு சாய்வு நாற்காலிகள். ஒரு மூலையில் பாத்ரூம். நர்ஸ் அவரை உட்காரவைத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்து, கூப்பிடும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர் மூலை நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதே பச்சை கவுன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். படம் எடுக்கும்போது அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று டிரைவருக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எதற்கு...

நர்ஸ் அவருக்கு பிஸ்கட் வைக்கவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை.

“மொதல் தடவையா?” என்றார் அவர்.

டிரைவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே குரல்.

“நீங்கதானே கால புடிச்சீங்க?”

“அந்த நேரத்துல யாராவது புடிச்சா நல்லாருக்கும்,” என்றார் அவர். “எனக்கு யாரும் புடிக்கல.”

தலை வேறு விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்ததால் டிரைவர் மேற்கொண்டு யோசிக்கவில்லை. அவர்தான் பேச்சுக் கொடுத்தார். என்ன வேலை என்று விசாரித்தார். பஸ் டிரைவர் என்றதும் எந்த ரூட் என்று கேட்டார். தண்ணித் தொட்டி ஸ்டாப் வழியாகப் போகுமா என்று கேட்டார். அதுதான் தன்னுடைய ரூட்டே என்று டிரைவர் சொன்னார்.

“அங்கதான் என் வீடு. போய் ரொம்ப நாளாச்சு.”

எத்தனையோ வருஷமாகப் படியில் கால் வைக்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தை. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

“அதுக்கென்ன... ஏறிக்கோங்க. எறக்கி விடுறேன்.”

அவர் அப்போதுதான் கைகளைக் கீழே இறக்கினார்.

சிறிது நேரத்தில் டிரைவருக்குக் குமட்டியது. பாத்ரூம் போகலாம் என்று கைப்பிடியை ஊன்றினார்.

“இப்ப எழுந்திருக்காதீங்க.”

“வாந்தி வருது.”

“வரட்டும். எழுந்திருக்காதீங்க. நான் எழுந்தேன்.”

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று டிரைவரை உட்காரவைத்தது. உட்கார்ந்த மறுகணமே அறை சுழன்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நின்றிருந்தால் வெட்டின மரம் மாதிரி விழுந்திருப்பார். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார். விட்டார்.

கண் தெளிந்தது.

எதிர் நாற்காலி காலி.

கதவு க்ர்ர்ர் என்று இழுக்கவில்லை. தொப் என்று விழவில்லை. பாத்ரூம் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்த ரெக்சின் அமுங்கியிருந்து மெதுவாகத்தான் நிமிரும். அந்த நாற்காலி ரெக்சின் விறைப்பாக இருந்தது.

அதன் மேல் தூசு படிந்திருந்தது.

நர்ஸ் வந்தார். கையில் கதிர்வீச்சை அளக்கிற சின்ன மீட்டர். டிரைவர் நெஞ்சுக்கு நேரே காட்டியதும் கடகடகடவென்று இரைந்தது. அது சரிதான், மருந்து உள்ளே இருக்கிறது. மீட்டரை அறையைச் சுற்றித் திருப்பினார். டிக்... டிக்... என்று குறைந்தது. வெறும் காற்றுக்குக்கூட அது அப்படி ஒன்றிரண்டு அடிக்கும்.

எதிர் மூலைக்கு நேரே வந்தபோது நின்றுவிட்டது.

ஒரு டிக் கூட இல்லை.

நர்ஸ் மீட்டரைத் தட்டினார். டிரைவர் பக்கம் திருப்பினார். கடகடகட. மூலைக்குத் திருப்பினார்.

நிசப்தம்.

அவர் அந்த நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரின் கையைப் பிடித்துச் சற்று வேகமாகவே வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கேமராவுக்கு அடியில் கைகளைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தபோது, படம் முடிகிறவரை, டிரைவரின் கணுக்கால்கள் இரண்டும் சில்லென்று இருந்தன. அவர் கீழே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, வாசலிலேயே, நல்ல கெட்டிக் காபி ஒன்று கொடுத்தார். ஊசியின் தலைவலிக்கு இனிமேல் காபிதான் மருந்து என்று நர்ஸே சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு மடக்கில் தலை தெளிந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் வெளிப்பக்கத்து இரும்புப் படியில் ஏறினார். டங்... டங்... டங்... மேல் படியில் நின்று கதவைத் திறந்தார்.

கீழே இன்னும் மூன்று படிச் சத்தம் பாக்கி இருந்தது.

டங்.

டங்.

டங்.

திரும்பிப் பார்த்தார். வெயிலில் படிகள் வெறுமையாக இருந்தன. உடம்பு அசதி, காது அடைப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். மனைவி கடைக்குப் போய்வருவதாகக் கீழிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவர் தூங்கிவிட்டார்.

மகள் கூப்பிட்ட சத்தத்தில்தான் விழித்தார். அவள் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, மேல யாரு?”

“யாரும் இல்லம்மா. ஏன்?”

“ரொம்ப நேரமா பேசிட்டே இருக்காரே...”

டிரைவர் எழுந்து வாசலுக்கு வந்தார். அறைக்குள் அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என்ன பேசுகிறார் என்று கேட்டார்.

“இழுங்க, விடுங்கன்னு... அத கேட்டுட்டே இருந்தேனா... எனக்கும்... மூச்சு அதே மாதிரி... வருதுப்பா...”

அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றில். மூச்சு அவள் இழுத்து வரவில்லை. யாரோ இழுக்கிறார்கள், யாரோ விடுகிறார்கள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

டிரைவர் ஒரு படி இறங்கினார்.

நின்றார்.

அவர் உடம்புக்குள் மருந்து இருக்கிறது. பக்கத்தில் போகக்கூடாது. போகாமல் இருக்கவும் முடியாது.

“நிறுத்த... முடியலப்பா...”

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பூனைக்கு வண்டியை நிறுத்துகிற மனிதர். யாரையும் அதட்டி அறியாதவர். அறைப் பக்கம் திரும்பினார். கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

“சொன்னேன்ல. எறக்கி விடுறேன்னு சொன்னேன்ல. சொன்னா செய்வேன். என் பொண்ண விட்டுடுங்க.”

காற்று இல்லை. சத்தம் இல்லை.

கீழே மகள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அது அவளுடைய மூச்சு.

அன்றே மகளை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மனைவி முன்னால், அவர் தள்ளிப் பின்னால். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவியிடம் டிரைவர் எதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே பாதி பயத்தில் இருக்கிறவளை முழுசாகப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

அவருடைய பரிசோதனை முடிவும் வந்தது. இதயம் நன்றாக இருக்கிறது, அழுத்தம் வயிற்றுப் புளிப்பால் வருவது, மாத்திரை போதும் என்றார் டாக்டர். மேலாளர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். டிப்போவில் கைதட்டினார்கள். டிரைவர் அதே ரூட்டில், மத்தியான வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது.

தண்ணித் தொட்டி ஸ்டாப்பில் ஏற ஆள் இல்லை. இறங்கவும் யாரும் மணி அடிக்கவில்லை. டிரைவர் நிறுத்தினார். கதவைத் திறந்தார். கண்டக்டர் விழித்துப் பார்த்தார்.

“உங்க ஸ்டாப் வந்துடுச்சு. எறங்குங்க,” என்றார் டிரைவர், கண்ணாடியைப் பார்க்காமல்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு படி க்றீச் என்று அமுங்கியது. ஆள் பாரத்துக்கு அமுங்குவது போல. டிரைவருக்கு அது போதும். கதவை மூடினார். வண்டியை எடுத்தார்.

அதன்பிறகு மாடிப் படியில் சத்தம் இல்லை. மகளுக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. மருமகன் வந்து பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டிரைவர் நிம்மதியாக இருந்தார்.

சில மாதம் கழித்துக் கண்டக்டர் ஒரு விஷயம் சொன்னார். தண்ணித் தொட்டியில் ஒரு அம்மா தினமும் ஏறுகிறாராம். கடைசி ஸ்டாப் வரை போகிறார். இறங்குவதில்லை. அதே வண்டியில் திரும்பி வந்து, ஏறிய இடத்திலேயே இறங்குகிறார். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில், ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம்தான் உட்காருவார். யாராவது ஜன்னல் ஓரம் கேட்டால், ஆள் இருக்காங்க என்பாராம்.

அன்று கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த அம்மாவிடம் போனார். எங்கேம்மா போகணும் என்று கேட்டார். அவர் தயங்காமல் பேசினார். அவருடைய வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் இதயப் பரிசோதனைக்குப் போனவர். ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தபோது பாத்ரூம் போக எழுந்தாராம். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“அன்னைக்கு ஒரு நாள் மத்தியானம் நீங்க வண்டிய நிறுத்தி கதவத் தொறந்தீங்களே... நான் வாசல்லதான் நின்னுட்டு இருந்தேன். படியில வந்து நின்னாரு. ஒரு கால கீழ வெச்சாரு. என்னப் பார்த்தாரு.”

அவர் பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அப்புறம் திரும்பி ஏறிட்டாரு. ஏன்னு தெரியல. இங்கதான் இருக்காரு. அதான் தெனம் வந்து கொஞ்ச நேரம் கூட உக்காந்துட்டுப் போறேன்.”

வேறு வண்டி கேட்டு மாறிக்கொள்ளட்டுமா என்று டிரைவர் கேட்டார்.

“மாறினா எந்த வண்டின்னு சொல்லிட்டுப் போங்க,” என்றார் அந்த அம்மா, கெஞ்சுவது போல. “இந்த வண்டிக்காக அவர் இல்ல. நீங்க லீவு போட்ட அன்னைக்கெல்லாம் வந்து பார்த்துட்டேன். அன்னைக்கு மட்டும் அவர் இங்க இருக்கறதில்ல.”

மறுநாள் டிரைவருக்கு லீவு. வீட்டில் பேத்தியோடு இருக்கப்போகிற நாள்.